அண்ணனின் கம்பிகள்

ரிப்பேர் கடைக்காரர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மொத்தப் பழியையும் தூக்கி அவர் தலையில் போட்டுவிடுவீர்கள். நாலே கம்பியோடு அடிக்குரலில் பேசும் பேஸ் கிட்டாரின் கழுத்து லேசாக வளைந்திருக்கிறது, நிமிர்த்திக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். நிமிர்த்திக் கொடுத்தார். கம்பிகளை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். மாற்றவில்லை. ஆனால் கழற்றிய கம்பிகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அந்த மனிதருக்கு மனசு கேட்கவில்லை. வருடக்கணக்கில் சேர்ந்த அழுக்கும் வியர்வையும் அவற்றின் சுருள்களில் அடைத்துக்கொண்டு கிடந்தன. பேஸ் வாசிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய கம்பியைத் தூக்கி எறியாமல், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் போட்டுக் கொதிக்கவிட்டு எடுப்பார்கள். அடைசல் எல்லாம் கரைந்து கம்பி புதிதுபோல் பேச ஆரம்பிக்கும். அவரும் நல்லெண்ணத்தோடு கொதிக்கவிட்டார். அதற்கென்று தனியாக எதுவும் கேட்கவும் இல்லை.

"பாருங்க தங்கச்சி, எப்படிப் பளபளன்னு ஆயிடுச்சு" என்று கிட்டாரை அவள் மடியில் வைத்தார்.

அவள் ஒரு கம்பியைத் தட்டினாள். கணீரென்று ஒரு சத்தம் எழுந்து, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"கம்பியத் தொடாதீங்கன்னு சொன்னேனே."

"மாத்தாதீங்கன்னுதானே சொன்னீங்க? மாத்தல. அதே கம்பிதான். வெந்நீர்ல போட்டு எடுத்தேன், அவ்வளவுதான். வந்த அழுக்கை நீங்க பாத்திருக்கணுமே! தண்ணி மை மாதிரி ஆயிடுச்சு."

"அந்தத் தண்ணி எங்க?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான கேள்வி என்று அவளுக்கே உறைத்தது. கடைக்காரர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"சாக்கடைல ஊத்திட்டேன். ஏம்மா, அதுல ஏதாவது விழுந்துடுச்சா?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவரிடம் என்னத்தைச் சொல்வது? அந்த அழுக்கு அவளுடைய அண்ணன் விரல்களிலிருந்து வந்தது என்றா? அவள் கிட்டாரை உறைக்குள் வைத்து, நன்றி சொல்லிவிட்டு, பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் போய்ப் பல வருடமாகிறது. காய்ச்சல் என்று படுத்தவன் அந்த வாரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். எல்லாவற்றிலும் அவசரக்காரன். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவான். பேஸ் வாசிப்பதும் அப்படியேதான். தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே விழுவான். இரண்டு வரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், குடுகுடுவென்று படியேறி இறங்கி அதை நிரப்பிவிடுவான். பேஸ் வாசிக்கிறவர்களை ஊரில் யாரும் கவனிப்பதில்லை. 'உன் கிட்டார்ல ரெண்டு கம்பியைக் காணோமே' என்று கேட்பவர்கள்தான் அதிகம். அவனை மட்டும் கவனித்தார்கள். அவன் போட்ட ஒரு பாட்டு உண்டு. அதில் மூன்றாவது சரணம் முடிந்ததும் அவன் ஏறும் அந்த ஏற்றத்துக்கு விசில் பறக்கும்.

அவன் போனபோது அவன் வாசித்துவந்த பேண்டு ஏற்கெனவே சில நிகழ்ச்சிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அண்ணன் இல்லாத நேரத்தில் அவன் கிட்டாரை எடுத்துத் தானாகவே பழகியிருந்த தங்கை, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று மேடை ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படியே அவன். அவன் ஏற்றம், அவன் அவசரம், எல்லாம். பாட்டைப் பதிவு செய்த அன்று அவன் ஒரு இடத்தில் தவறிப்போய்ப் பக்கத்துக் கட்டையில் விரலை வைத்திருந்தான். அவள் அந்தத் தவற்றையும் தவறாமல் வாசித்தாள். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அது. பேண்டில் அவளுக்குக் கார்பன் என்று பெயர் விழுந்தது. பாராட்டித்தான் வைத்தார்கள். அவளும் வெகுநாள்வரை அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். வேறு ஆளை யாரும் தேடவில்லை.

இதில் அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதுவும் புரியாது. அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. குருவிச் சத்தம், தண்ணீர் கொதிக்கும் சத்தம், மகளின் குரல் என்று மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. அவளிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரிய, நிதானமாகச் சொல்ல வேண்டும். கனத்த சத்தங்கள் மட்டும் மிச்சம் இருந்தன, அவையும் காதில் பாதி, உடம்பில் பாதி. அதனால் நிகழ்ச்சி எங்கே நடந்தாலும் பேஸ் சத்தம் வரும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடுவார்கள். அவள் உட்கார்ந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். பாட்டு முடியும்வரை எடுக்க மாட்டாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா சொல்வது எப்போதும் ஒன்றுதான். "இன்னைக்கு நல்லா இருந்தான்."

அடுத்த நாள் ஒத்திகை. ஒரு வண்டிப் பட்டறையின் மேல்மாடியில், சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்த அறை. கீழே அவர்கள் இரும்பை அடிப்பார்கள், மேலே இவர்கள் வாத்தியத்தை அடிப்பார்கள். யாருக்கும் யார்மேலும் புகார் இல்லை. பேண்டை நடத்துபவர் டிரம்ஸ் வாசிப்பவர். அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவர், பெயர் மறைந்து எல்லோருக்கும் 'இடி' ஆகிவிட்டவர். பாட்டு தொடங்கி நாலு வரி போவதற்குள் இடி குச்சியைத் தூக்கிக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா கார்பன், என்ன இது? தகரத்துல கல்லை உருட்டற மாதிரி?"

அவள் நடந்ததைச் சொன்னாள். இடி குச்சிகளைத் தொடைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "போனாப் போகுது, புதுசா நல்லாத்தானே இருக்கு" என்று ஆரம்பித்த பேண்டின் பாடகி, அவர் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே விழுங்கிவிட்டாள்.

மறுபடி வாசித்தார்கள். சொல்லப்போனால் அது நன்றாக இல்லைதான். பழைய கம்பியில் ஒவ்வொரு சுரமும் தொப்பென்று விழுந்து அங்கேயே அடங்கிவிடும். அதனால்தான் அண்ணனால் அத்தனை சுரங்களை அள்ளிக் கொட்ட முடிந்தது. இப்போது ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் காலை மிதித்தது. சந்தைக்கடை மாதிரி ஒரே இரைச்சல். கம்பி தெளிவானதில் அவள் விரல் உரசுவது, கையை எடுக்கும்போது கீச்சென்பது என்று இத்தனை நாள் மறைந்திருந்த அசிங்கமெல்லாம் வெளியே வந்தது. அவளுக்கு உடம்பு கூசியது.

கடைசியில் வழி கண்டுபிடித்தது இடிதான். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கிவரச் சொல்லி, பிளேடால் ஒரு துண்டு அறுத்து, கிட்டாரின் அடிப்பக்கம் கம்பிகளுக்குக் கீழே செருகினார். "இப்ப வாசி."

வாசித்தாள். தொப், தொப்பென்று அண்ணன் வந்துவிட்டான்.

இடி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "வந்துட்டான்! நான்கூடப் பயந்துட்டேன்." அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவளும் சிரித்துவைத்தாள்.  அண்ணனின் விரல், அண்ணனின் வியர்வை, அண்ணனின் உயிரே அந்தக் கம்பியில் இருக்கிறது என்று இத்தனை வருடமாகப் பொத்திப் பொத்திக் காத்தாள். விரல் கழுவாமல்கூட அதைத் தொட்டதில்லை. அவனை வரவழைக்க ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு போதும் என்றால், இவள் யார்? அவனும் இல்லாமல் இவளும் இல்லாமல் இத்தனை நாள் அங்கே நின்று வாசித்தது யார்?

அந்தக் கேள்வியோடுதான் வேலைக்குப் போனாள். லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் தொலைபேசி வேலை. எங்காவது லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் அவள் மேசையில் அடிக்கும். ஆள் வந்து திறக்கும்வரை மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் பயத்தில் வளவளவென்று பேசுவார்கள். அது உள்ளே இருப்பவரின் பயத்தை இரட்டிப்பாக்கும். அவள் அந்த வேலையில் கெட்டிக்காரி. அவள் பேச்சு மெதுவாக இருக்கும், இடைவெளி விடும்.

அன்று மாட்டிக்கொண்டது ஒரு பெண். மூச்சிரைத்தது, அழுதாள், பிறகு கொஞ்சம் தெளிந்தாள். இவள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்டபோது அந்தப் பெண் சட்டென்று சொன்னாள்: "கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா? ஆனா வெச்சுடாதீங்க."

இவள் பேசாமல் இருந்தாள். இரண்டு பக்கமும் மௌனம். தான் அங்கே இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக மூச்சைக் கொஞ்சம் கேட்கும்படி விட்டாள். கதவு திறந்து அந்தப் பெண் நன்றிகூடச் சொல்லாமல் வெளியே ஓடிய பிறகும் இவள் கையில் ரிசீவர் அப்படியே இருந்தது. இப்படித்தானே நான், என்று தோன்றியது. என் சுபாவம் இதுதானே. அண்ணனுக்கு ஒரு நொடி மௌனம் என்றால் மூச்சு முட்டும். எனக்கு அதில்தானே சுகம். பிறகு ஏன் மேடையில் ஏறினால் மட்டும் அவனைப் போல வாயாடுகிறேன்?

அன்றைக்கு வீட்டில் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பெட்டியில் இணைக்காமல் வாசித்தால் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. எதிரிலேயே அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் அண்ணனின் பாட்டை எடுத்து அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தாள். இந்த ஏற்றம் வேண்டாம். இந்த ஓட்டம் வேண்டாம். ஒரு சுரத்தை வைத்துவிட்டு அதன் பின்னாலேயே போனாள். எங்கே தொடங்குவது என்பது பெரிய விஷயமில்லை, அது தாளம் தெரிந்த எவனுக்கும் வரும். எங்கே விடுவது? விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் சுரம் முடிகிறது. அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் பாட்டின் முகமே மாறுகிறது. சீக்கிரம் விட்டால் கோபம், தாமதமாக விட்டால் ஏக்கம். பழைய செத்த கம்பியில் இதெல்லாம் தானாகவே முடிந்துபோகும், அவள் முடிக்க வேண்டியதே இல்லை. இப்போது ஒவ்வொன்றையும் அவளே முடிக்க வேண்டியிருந்தது. பயமாக இருந்தது. விட்டுவிடவும் மனமில்லை.

இப்படியே தினமும். அம்மாவின் கண் முன்னாலேயே அம்மாவை ஏமாற்றுவது போல இருந்தது. போல என்ன, ஏமாற்றுவதேதான்.

ஒரு நாள் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "என்னடி, விரலே நகரல? கை வலிக்குதா?"

காது போனவளுக்குக் கண் கூர்மை. மகன் வாசிக்கும்போது விரல் எப்படி ஓடும் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன? மகள் ஆமாம் என்று தலையாட்டினாள். அம்மா எழுந்துபோய் எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து, மகளின் இடது கையை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள்.

அவளுக்குத் தாங்கவில்லை. அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து நிதானமாகக் கேட்டாள்: "அம்மா, அவன் மாதிரி இல்லாம வாசிச்சா உனக்குக் கஷ்டமா இருக்குமா?"

"அவன் மாதிரி வரலேன்னு உனக்கு எவன் சொன்னான்?" என்று அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியே அச்சா கொண்டுவந்து நிறுத்தறியே. எத்தனை வீட்டுல பெத்தவளுக்கு இந்தக் கொடுப்பினை இருக்கு? புள்ளை போனா போனதுதான். எனக்கு மட்டும் அவன் மாசத்துல ரெண்டு தடவை வந்துட்டுப் போறான். உன்னாலதான்." சொல்லிவிட்டு விரலை இன்னும் அழுத்தி நீவினாள்.

 மகள் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

இடியிடம் மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் ஒத்திகை அறைக்குப் போய், ஸ்பாஞ்ச் இல்லாமல், அண்ணனின் பாட்டைத் தன் போக்கில் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினாள். இடி தாளம் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். 

"நல்லா இருக்கு" என்றார்.

அவள் முகம் மலர்ந்தது.

"வேணாம்."

"ஏண்ணா?"

"நல்லா இருக்கறதாலதான் வேணாம். கன்றாவியா இருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன்." குச்சியைக் கையில் எடுத்து அதையே பார்த்துக்கொண்டு பேசினார். "நான் மேடைல கண்ணை மூடினா அவன் பக்கத்துல நிக்கிறான். அவன் முன்னால ஓடுவான், நான் இழுத்துப் புடிப்பேன். ஸ்கூல்ல இருந்து அப்படித்தான். இத்தனை வருஷமா நான் அவன்கூடத்தான் வாசிச்சுட்டு இருக்கேன். உன்கூட நான் ஒரு நாள்கூட வாசிச்சதில்லை, தெரியுமா உனக்கு?"

மனிதர் ஆத்திரத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

"உங்கம்மா மூஞ்சிய நீ பாத்திருக்கியா, அந்தப் பெட்டி மேல கை வெச்சிருக்கும்போது? பாத்திருக்க மாட்டே. உனக்கு அவங்க முதுகுப் பக்கம் இருக்காங்க. நான் பாக்கறேன். உனக்கு உன் இஷ்டத்துக்கு வாசிக்கணும்னா வேற பேண்டு தேடிக்கோ. யாரும் தப்பா நினைக்க மாட்டோம். ஆனா அவன் பாட்டை விட்டுடு."

"சரிண்ணா" என்றாள். சரி சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அந்த மாதத்து முதல் நிகழ்ச்சி ஒரு பொது அரங்கில், மாலையில். கூட்டம் நிறைய. அவள் ஸ்பாஞ்சைச் செருகிக்கொண்டுதான் மேடை ஏறினாள். ஒவ்வொரு பாட்டும் ஒழுங்காகப் போனது. அண்ணன் ஓடினான், இடி இழுத்துப் பிடித்தார், அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எந்தத் தகராறும் இல்லை.

பிறகு பாடகி மைக்கைப் பிடித்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "இப்ப பாடப்போறது எங்க நண்பரோட பாட்டு. அவர் எங்கயும் போயிடல. கண்ணை மூடிக் கேளுங்க, அவர் இங்கதான் இருக்கார்." கைதட்டல் எழுந்தது. பேஸோடு நின்ற அவளுக்கு நேராகத்தான் கைகள் நீண்டன, ஆனால் ஒருவர் கண்ணும் அவள்மேல் நிற்கவில்லை, அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன. வழக்கமாக அண்ணன் சார்பில் அவள் தலை குனிவாள். அன்று குனிய மறந்து பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா ஸ்டூலைப் பெட்டிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டாள், வருகிற பிள்ளையை அழுக்குக் கையோடு தொடக்கூடாது என்பது போல. பிறகு பெட்டியின்மேல் வைத்தாள். முகம் தயாராகிவிட்டது. அதில் இருந்த ஆசையைப் பார்த்ததும் மகளுக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். அண்ணன் நின்ற வயதை அவள் எப்போதோ தாண்டியாயிற்று. இன்னும் பத்து வருடம், இருபது வருடம், தலை நரைத்த பிறகும், அந்த இளைஞனின் அவசரத்தை வாசித்துக்கொண்டு இதே இடத்தில் நிற்கப்போகிறோம் என்கிற பயம். இடி குச்சியைத் தட்டி எண்ண ஆரம்பித்தார். அவள் குனிந்து ஸ்பாஞ்சை உருவி, பெட்டியின்மேல் ஓரமாக வைத்தாள்.

முதல் சுரம் விழுந்தபோதே இடிக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து அவளை முறைத்தார். அவள் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னாலேயே விழுந்தாள், அவசரமே இல்லாமல். அவர் ஓட்டிப் பார்த்தார். அவள் ஓடவில்லை. அவள் விட்ட இடைவெளிகளையெல்லாம் டிரம்ஸில் உருட்டி உருட்டி நிரப்பினார். நிரப்பட்டும் என்று இருந்தாள். இரண்டாவது சரணத்தில் அவருக்கே அது அசிங்கமாகத் தெரிந்திருக்க வேண்டும், கையைக் குறைத்துக்கொண்டார். பாடகி தன் வரியைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தாள், கீழே தாங்க ஆள் இருப்பது தெரிந்து இன்னும் நீட்டினாள். மூன்றாவது சரணம் முடிந்தது. கூட்டத்தில் சிலர் விசிலுக்கு விரலை வாயில் வைத்துவிட்டார்கள். அந்த ஏற்றம் வரவில்லை. ஒரே ஒரு சுரம், தாழ்ந்த சுரம், நின்றது. அவள் அதை விடவில்லை. அரங்கம் முழுக்க அமைதியாகி அந்த ஒரு சுரத்தைக் கேட்டது. பாடகி அடுத்த வரிக்கு மூச்சை இழுக்கப்போகிற அந்த இடத்தில் இவள் விரலைத் தளர்த்தினாள். அவளுக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வாசித்திருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா பெட்டியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். பிறகு வேறு இடத்தில் வைத்தாள். பக்கவாட்டில், மேலே, மூலையில் என்று, இருட்டில் விளக்கின் சுவிட்சைத் தேடுகிறவள் போலத் தடவிக்கொண்டே போனாள். குனிந்து கன்னத்தைப் பலகையில் ஒட்டவைத்தாள். கிடைக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. ஸ்பாஞ்ச் எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. கையை நீட்டி எடுத்துச் செருக எவ்வளவு நேரம் ஆகும்? அவள் எடுக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். கம்பியைக் கொதிக்கவைத்தது ரிப்பேர்காரர். இதைச் செய்தது அவள். அம்மாவைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சரணத்தையும் தன் போக்கிலேயே வாசித்து முடித்தாள்.

கைதட்டல் பலமாக இருந்தது. யாரோ எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள். அவள் காதில் அது விழவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த நடைவழியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பெட்டிகளையும் ஸ்டாண்டுகளையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த அவளை இடி பார்க்காமலே கடந்துபோனார். அவள் அம்மாவின் எதிரில் போய் நின்றாள்.

"பெட்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

"அவன் பாட்டுல அவனைக் காணோம்."

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எல்லா இடத்துலயும் கை வெச்சுப் பாத்தேன். கிடைக்கல. எங்க போயிட்டான்?"

அம்மாவுக்குப் புத்தி பிசகவில்லை. எல்லாம் தெரிந்துதான் கேட்டாள். அந்த வீட்டில் 'அவன் இல்லாதப்போ' என்பார்கள், 'அவன் போனப்புறம்' என்பார்கள். இன்னொரு வார்த்தையை இத்தனை வருடத்தில் ஒருவரும் வாயில் எடுத்ததில்லை.

"செத்துப்போயிட்டான்மா" என்றாள், உதடு நன்றாகத் தெரியும்படி.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முழுதாகத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். காது கேட்காதவள் அப்படித் திரும்பிவிட்டால் உலகத்தில் யாராலும் அவளிடம் பேச முடியாது. ஒன்றும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள் போலிருந்தது. மகள் காத்திருந்தாள். சுவரைப் பார்த்தபடியே அம்மா கேட்டாள்:

"அப்ப அவன் எடத்துல வந்து நின்னது யாரு?"

"நான்மா."

அம்மா அசையவில்லை.

"நான்தாம்மா" என்றாள் கொஞ்சம் உரக்க. அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பலாம் என்று கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"யாருன்னு கேக்கறேனே!"

"நான்!" என்று அவள் கத்தினாள். லிஃப்டில் மாட்டி அழுகிறவர்களிடம்கூட ஒருநாளும் உயராத குரல் அது. "நான்மா! நான்தான் வாசிச்சேன்! நான்!" நடைவழியில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். டிரம்மைத் தோளில் வைத்திருந்த இடி அப்படியே திரும்பிப் பார்த்தார். 

"கத்தாத" என்றாள் அம்மா, திரும்பாமலே. "கேட்டுச்சு."

பிறகு நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அண்ணனுக்காக அம்மா அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.